மதிலுக்கு மேலே ஒரு சன்னல்

திண்டுக்கல் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய மடல், இம்மாதம் நாம் எழுத எண்ணியிருந்த மாடித் தோட்டக் காய்கறிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அவர்களுடையது பழைய ஓட்டு வீடு. கொல்லைப்புறத்தில் கிணறு, அதனருகே துவைகல், அதையடுத்துக் கூரையில்லாத குளியல் மறைப்பு. அடுத்த வீட்டார் அண்மையில் மாடி எழுப்பியிருக்கிறார்கள். மாடியின் சன்னல் ஒன்று நேராக இக்கொல்லையை நோக்குகிறது. அன்றுமுதல் அந்தத் தாயும் பள்ளி செல்லும் அவருடைய இரு பெண்களும் விடியுமுன்பே குளித்துத் துவைத்து முடித்துவிடுகிறார்களாம். வெயிலில் உலர வேண்டிய துணிகள் வீட்டுக்குள் ஈரத்தோடு தொங்குகின்றன. “விரைவாகவும் உயரமாகவும் வளரும் மரம் எது? மதிலோரமாக வரிசையாக வைத்துவிடுகிறோம்” என்று கேட்டிருக்கிறார்.

மடலைப் படித்ததும் நாம் சிறிது வெட்கமுற்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. 2014ஆம் ஆண்டில் இதே கேள்வியை, இதே சொற்களில், நாமும் கேட்டோம். கேட்ட கேள்விக்கு விடையும் கிடைத்தது. தவறு விடையில் இல்லை, கேள்வியில் இருந்தது.

திருச்சியின் புறநகரில் உள்ள நம் இல்லத்திற்கு வடக்கே அடுத்த வீடு. அவர்கள் தம் மகனுக்குத் திருமணமானதும் மாடி கட்டினர். மாடியின் சமையலறைச் சன்னல் தெற்கு நோக்கி, அதாவது நம் துவைகல்லை நோக்கி, அமைந்தது. நம் இல்லத்தரசியார் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, “இனி நான் எங்கே நின்று துவைப்பது?” என்றார். அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளத்தில் மூண்டிருந்த சினத்துக்குப் பேச்சைவிட மரம் பொருத்தமான பதிலாகத் தோன்றியது. மதிலிலிருந்து இரண்டே அடி தள்ளி, இரண்டடிக்கு ஒன்றாக, ஏழு சவுக்குக் கன்றுகளை நட்டோம்.

சவுக்கு சொன்ன சொல் தவறாத மரம். விரைவாக வளர் என்றால் வளரும். நான்கு ஆண்டுகளில் 30 அடியை எட்டிவிட்டது. ஆனால் நெருக்கி நட்ட சவுக்குக்கு ஓர் இயல்பு உண்டு. ஒளி எட்டாத கீழ்க்கிளைகளைத் தானே காயவிட்டு உதிர்த்துவிடும். கட்டுமானத்துக்குக் கழி வளர்ப்போருக்கு அது நற்குணம். மறைவு தேடுவோருக்கு அதுவே கேடு. தரையிலிருந்து 12 அடி வரை வெறும் தண்டுகள், அதற்கு மேலே அடர்ந்த தழை. சன்னலிலிருந்து பார்க்கும் பார்வையோ தண்டுகளுக்கு ஊடாகத் துவைகல்லுக்குத் தங்குதடையின்றி வந்துகொண்டிருந்தது.

நமக்கு மறைவு கிடைக்கவில்லை என்பதோடு முடிந்திருந்தால் தாழ்வில்லை. மரவரிசை அவர்களுக்குத் தெற்கே நின்றது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். திருச்சியின் அட்சரேகையில் அந்நேரம் 10 அடி உயரமுள்ள எப்பொருளின் நிழலும் வடக்கே ஏறத்தாழ 7 அடி நீளும். 30 அடி மரத்தின் நிழல் 20 அடி நீளும். ஆக, மழைக்காலத்தில் ஈரம் ஊறிய அவர்களது தென்சுவர் தைமாதம் வரையில் காயவே இல்லை. உதிர்ந்த சவுக்கு இழைகள் அவர்கள் மாடியின் மழைநீர்க் குழாய்வாயை அடைத்துக்கொண்டன. இவற்றையெல்லாம் நாம் பின்னர்தான் அறிந்தோம். அப்போது அறிந்ததெல்லாம், அவ்வீட்டுப் பெரியவர் தெருவில் நம்மைக் கண்டால் மிதிவண்டியைச் சற்று வேகமாக மிதிக்கத் தொடங்கினார் என்பதே.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் பட்ட பாட்டை நோக்க நம் தெருவின் சேதம் பெரிதன்று. ஆனால் நம் ஏழு சவுக்குகளில் ஒன்று வேரோடு நெகிழ்ந்து, அவர்களுடைய மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் சாய்ந்து நின்றது. காலையில் பெரியவர் வந்தார். ஐந்தாண்டுகளில் அவர் நம் வாயிற்படி மிதித்தது அதுவே முதல் முறை. “சார், மற்ற ஆறும் இப்படி விழுந்தால் கைக்குழந்தை இருக்கிற வீடு…” என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று நாம் அவருடன் மாடிக்குச் சென்றோம், சாய்ந்த மரத்தைப் பார்க்கத்தான். சமையலறையில் பகல் பத்து மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சன்னலின் கீழ்ப்பாதியை ஒரு பழைய துண்டு மறைத்திருந்தது. அவருடைய மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மாமா, அத்தை துணி துவைக்கிற நேரத்தில் நான் இந்தப் பக்கம் வருவதே இல்லை. எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. துண்டைக் கட்டினால் காற்றில்லை. எடுத்தால் அத்தை முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.” நம்மைப் பார்ப்பதற்காகவே அந்தச் சன்னல் வைக்கப்பட்டதுபோல் ஐந்தாண்டுகள் எண்ணி வந்தோம். அங்கே நின்று பார்த்தபோதுதான், அடுப்பு மேடைக்கு எதிரே வேறெங்கும் சன்னல் வைக்க இடமில்லை என்பது விளங்கிற்று.

வாசக அன்பர்கள் கதையை விட்டுக் கணக்குக்கு வரவேண்டும். நாம் அச்சன்னலருகே நின்றபடி, இல்லத்தரசியாரைத் துவைகல்லருகே நிற்கச் சொன்னோம். பையன் ஒருவன், நுனியில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதிலிலிருந்து துவைகல் வரை மெல்ல நடந்தான். அவருடைய தலையைத் துணி மறைக்கும் வரை கழியை ஒவ்வோரிடத்திலும் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்தான். மதிலோரத்தில், நாம் சவுக்கு வைத்திருந்த இடத்தில், துணி 11 அடி உயரத்தில் இருந்தால்தான் அவர் மறைந்தார். துவைகல்லுக்கு 4 அடி இப்பால் கொண்டுவந்தபோது 7 அடியே போதுமாயிருந்தது!

காரணம் எளிது. மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 15 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே நிற்பவரின் தலை 5 அடியில். இடையிலுள்ள தொலைவு 20 அடி: அவர்கள் பக்கம் 6, நம் பக்கம் 14. பார்வைக் கோடு 20 அடி ஓடுவதற்குள் 10 அடி இறங்குகிறது, அடிக்கு அரையடி. ஆகவே பார்ப்பவருக்கு அருகே மறைக்க உயரமான மரம் வேண்டும். பார்க்கப்படுபவருக்கு அருகே மறைக்கச் செடியே போதும். மொட்டை மாடியில் ஒருவர் நின்றால் கண் 25 அடிக்கு ஏறிவிடும். அப்போது மதிலோரத்தில் 17 அடி மரம் தேவை. துவைகல்லுக்கு 4 அடி இப்பால் 9 அடி போதும். விரைவாக, உயரமாக என்று நாம் தேடியதெல்லாம் மதிலோரம் என்று முதலிலேயே முடிவு கட்டியதனால் வந்த வினை. மரத்தை வீட்டுக்குள் பத்தடி நகர்த்தியிருந்தால் சவுக்கின் நினைவே எழுந்திராது.

இன்னொன்றும் அக்கோடு சொல்லிற்று. நமக்குத் தேவைப்பட்டது 4 அடியிலிருந்து 9 அடி வரை தழை நிறைந்த ஒன்று. அதற்கு மேலுள்ள ஒவ்வோர் அடியும் நமக்கு வீண். அண்டை வீட்டாருக்கு நிழல்.

எஞ்சிய ஆறு சவுக்குகளை உடனே வேரோடு எடுக்க மனமில்லாமல், 12 அடியில் தலை வெட்டிப் பார்த்தோம். வேம்பும் புங்கும் வெட்டிய இடத்தில் தழைக்கும். முதிர்ந்த சவுக்கு அவ்வாறு தழைப்பது அரிது. ஆறு மாதம் ஆறு கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பந்தல்காரருக்குக் கொடுத்தோம். எனவே மரம் தேர்வோர் முதலில் கேட்கவேண்டியது, வெட்டினால் தழைக்குமா என்பதே. அடுத்தது, கோடையில் இலை நிற்குமா என்பது. சீத்தா அழகிய சிறுமரம், பழமும் தரும், ஆனால் வேனிலில் மொட்டையாகிவிடும். புங்கும் வேம்பும் மாசி பங்குனியில் சில நாள் இலையுதிர்த்து நிற்கும். அவ்விரண்டும் எப்படியும் சிறு கொல்லைக்கு அடங்கும் மரங்கள் அல்ல. பவழமல்லியும் வறண்ட காலத்தில் தழை மெலிந்துவிடும்.

நகரெங்கும் மறைவுக்கென நடப்படுவது நெட்டிலிங்கம். அசோகம் என்று பலர் வழங்குவது இதைத்தான். உண்மை அசோகம் செம்மஞ்சள் பூக்கொத்துடைய வேறு மரம். நெட்டிலிங்கத்தில் கிளை பரப்பும் வகையும், கிளைகள் தொங்கித் தூண்போல் நிற்கும் வகையும் உண்டு. வீட்டோரம் வைப்பது பின்னதை. மூன்றடி இடுக்கில்கூட நிற்கும், அடிவரை தழை இருக்கும், ஆண்டு முழுதும் பச்சை. உள்ளே மரம் வைக்க இடமில்லாதவர்களுக்கு இதைக் காட்டிலும் ஏற்றது நாம் அறிந்தவரை இல்லை. ஆயினும் விட்டால் 30, 40 அடி போகும்; 14, 15 அடியில் தலையை வெட்டி நிறுத்தவேண்டும். காய்க்கும் பருவத்தில் இரவில் வௌவால்கள் வந்து பழத்தைச் சப்பி, கொட்டைகளைச் சுவரெங்கும் இறைக்கும். வெள்ளையடித்த சுவர் அண்டை வீட்டாருடையதாயின் அதையும் எண்ணிக்கொள்க.

முருங்கை வேண்டாம். விரைவில் வளரும், கீரையும் காயும் தரும் என்பதெல்லாம் மெய்யே. ஆனால் காற்றுக்கு முறியும். தழை மெல்லியதாகையால் மறைப்பும் அரைகுறை. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அடைந்து மதில் ஏறி அடுத்த வீட்டுக்குச் செல்லும்போது, நாம் கொடுத்தனுப்பும் முருங்கைக்காயை அவர்கள் மகிழ்வோடு வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கறிவேப்பிலையைப் பரிந்துரைப்போரும் உளர். நம் வீடுகளில் அதன் தழை மரத்தில் தங்குவது எத்தனை நாள்? திரை முழுவதும் தாளிதத்துக்குப் போய்விடும்.

அரளியைப் பற்றி ஒரு சொல் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நீர் கேளாமல் அடர்ந்து வளர்வதால் வேலியோரம் வைக்கிறார்கள். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை உயிரைக் குடிக்கக் கூடியது. சிறுவர் உள்ள வீட்டிலும், ஆடு மாடு மேயும் தெருவிலும் அது வேண்டாம். கோனோகார்ப்பஸ் என்னும் அயல்நாட்டு மரத்தையும் பசுஞ்சுவர் போல எழும் என்று நாற்றங்கால்களில் விற்று வந்தார்கள். வேர் குழாய்களையும் கட்டடங்களையும் கெடுக்கிறது, பூந்துகள் மூச்சுத்தொல்லை தருகிறது என்ற முறையீடுகளின்மேல் குசராத்து அரசு 2023இலும் தமிழக அரசு 2025இலும் அதை நடுவதற்குத் தடை விதித்தன. எவரேனும் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கற்க.

நாம் இறுதியில் தேர்ந்தது கொய்யா. லக்னோ 49 என்னும் வகையில் இரண்டு பதியன் கன்றுகளை, துவைகல்லுக்கு வடக்கே 4 அடி தள்ளி, ஒன்றுக்கொன்று 6 அடி இடைவெளியில், 2019 ஆடியில் நட்டோம். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பினோம். கொய்யாவைத் தேர்ந்ததற்குக் காரணம் பழம் மட்டுமன்று. கவாத்துச் செய்யச் செய்ய அது தழைக்கும். புதுத் தளிரிலேயே பூக்கும். தாழ்ந்த கிளைகளை வெட்டாமல் விட்டால் இடுப்பளவிலிருந்தே அடர்ந்து நிற்கும். மாசியிலும் புரட்டாசியிலும் முக்காலி போட்டு ஏறி, கைக்கு எட்டும் நுனிகளைக் கழித்துவிடுகிறோம். 10 அடிக்குமேல் அதை நாம் விட்டதில்லை. மதில் அதிலிருந்து 10 அடி தொலைவு. மார்கழி நண்பகலிலும் அதன் நிழல் மதிலைத் தொடுவதில்லை.

குளியல் மறைப்பின் பக்கம் இடம் குறுகியது. அங்கே நந்தியாவட்டை மூன்று. ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்று, பாதி நிழலிலும் தழை குறையாமல் பூக்கிறது. வெயில் நன்றாக விழும் இடமாயின் மருதாணியை வைத்திருப்போம். அது வெட்டுக்குச் சளைக்காதது, 8 அடி வரை வேலிபோல் நிறுத்தலாம், பெண் மக்கள் உள்ள வீட்டில் இலைக்கும் வேலை உண்டு. சப்போட்டா ஒட்டுக்கன்று இலையடர்த்தியில் எல்லாவற்றையும் விஞ்சும். ஆனால் வளர்ச்சி மிக மெதுவு, அகன்று பரவும். பெரிய தோட்டம் உடையவர்கள் பொறுமையும் உடையவர்களாயின் வைக்கலாம்.

துவைகல் நீரைப்பற்றி ஒரு குறிப்பு. சலவைத்தூள் கலந்த முதல் நீரைக் கன்றுக்கு விடாமல், வாய்க்கால் வெட்டிக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பினோம். அலசிய நீர் மட்டுமே கொய்யாவுக்கு. மரம் வைக்கும் முன்பு தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா, காலுக்குக் கீழே மலக்குழித் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நன்று.

“மரம் வளரும்வரை என் பெண்கள் என்ன செய்வார்கள்?” என்று வாசகி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கொய்யா முழு மறைப்புத் தர நமக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை கன்றுகளுக்கு வெளியே நான்கு கழிகளை நட்டு, தென்னங்கீற்றுத் தட்டிகளை 8 அடி உயரத்துக்குக் கட்டினோம். மழையில் நைந்ததும் மாற்றினோம். ஒருபுறம் பீர்க்கும் மறுபுறம் சங்குப்பூவும் ஏற்றிவிட்டதில் தட்டியின் முகம் சற்று அழகுபெற்றது. தட்டி ஒரே நாளில் மறைப்புத் தந்துவிடும். ஆகையால் அந்தப் பெண்கள் விடியற்காலையில் எழவேண்டியது இவ்வார இறுதி வரைக்குமே.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் மடலின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஓர் ஊரின் வழக்கப்படி அண்டை வீட்டாரின் மறைவைக் கெடுக்கும் புதுச் சன்னல் வைக்கக்கூடாதென்று இருக்குமாயின் அவ்வழக்கத்தை மதிக்கிறது. 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அத்தகைய வழக்கத்தை ஏற்றுத் தீர்ப்பளித்ததும் உண்டு. ஆனால் வழக்கம் உண்டென்று மெய்ப்பிப்பது கேட்பவரின் பொறுப்பு. தனிமைக்குரிய உரிமை அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அது மதிலுக்கு அப்பாலுள்ள சன்னலை அடைத்துத் தருவதற்கென எழுந்த வழக்கன்று. மேலும் அதே 1882ஆம் ஆண்டுச் சட்டம், 20 ஆண்டுகள் இடையூறின்றி ஒரு கட்டடத்துக்கு வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை தருகிறது. பழைய சன்னலின் எதிரே மரச்சுவர் எழுப்புவோர் இதையும் அறிந்திருக்கவேண்டும். வழக்கறிஞரிடம் செல்லும் வழியிலேயே அண்டை வீட்டு வாயிலும் இருக்கிறது என்பதோடு இதை விடுகிறோம்.

வாசகிக்கு நாம் சொல்வது இதுதான். மாடி வீட்டு அம்மையாரிடம் ஒரு மாலையில் செல்லுங்கள். “அக்கா, எங்கள் கொல்லையில் மரம் வைக்கப் போகிறோம், உங்களுக்கு வெளிச்சம் மறையாத இடமாகப் பார்க்கவேண்டும், சன்னலருகே வந்து நில்லுங்கள்” என்று கேளுங்கள். சன்னலில் நிற்க ஒருவர் இல்லாமல் கழிக்கணக்கு போடவே முடியாது என்பது இம்முறையின் குறையா நிறையா என்று நமக்குத் தெரியவில்லை. மூத்த பெண் கழியைப் பிடிக்கட்டும். இளையவள் துவைகல்லருகே நிற்கட்டும். மதிலிலிருந்து ஒவ்வோர் இரண்டடிக்கும் துணி நின்ற உயரத்தைக் குறித்து, கொல்லையின் நீள அகலத்தையும் எந்தத் திசையில் மாடி இருக்கிறது என்பதையும் சேர்த்து நமக்கு எழுதி அனுப்புங்கள். மண் செம்மண்ணா, கரிசலா, கிணற்று நீர் உப்பா என்பதையும் எழுத மறக்கவேண்டாம். ஆடிப் பட்டத்துக்குள் விடை வந்து சேரும்.